கைக்கடிகாரத்துக்குள் ஒரு பிறை

கைக்கடிகாரத்தில் நிலாவுக்கு என்ன வேலை? நேரம் காட்ட முள் இருக்கிறது, தேதி காட்டச் சின்னச் சதுரம் இருக்கிறது. அதற்கும் கீழே, ஆறு மணி எண்ணுக்குச் சற்று மேலே, நீலப் பின்னணியில் பொன்னிற நிலா ஒன்று இரண்டு குன்றுகளுக்கு நடுவே மெல்ல எழுந்து மறைவதற்காகச் சிலர் லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள். அணிந்திருப்பவரைத் தட்டி எழுப்பி இன்று என்ன திதி என்று கேட்டால் பெரும்பாலும் தெரியாது. ஆனாலும் கைக்கடிகார ரசிகர்கள் நடுவில் நிலாப் பிறை காட்டும் வகைக்கு இருக்கிற மவுசு தனி. 2017 மே மாதம் ஜெனீவாவில், வியட்நாமின் கடைசி அரசர் பாவோ தாய் அணிந்த ரோலெக்ஸ் ஒன்று 50 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. கறுப்பு டயலில் வைரக் குறிகளும் ஒரு நிலாச் சன்னலும் கொண்ட கடிகாரம் அது.

சென்னைக்கு வடக்கே, பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் போனால் வரும் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் நிலா இன்னும் அலங்காரப் பொருள் ஆகவில்லை. அங்கே அதற்கு அன்றாட வேலை உண்டு. அந்தக் கரையில் நின்று பார்த்தால்தான் இந்தக் கடிகாரத்தின் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்பது பிடிபடும் என்பது என் கட்சி. கடை விளம்பரங்கள் சொல்லும் காதல், கனவு, நள்ளிரவு எல்லாம் மேற்பூச்சு.

முதலில் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடுவோம். டயலுக்கு அடியில் ஒரு வட்டத் தகடு. அதன் விளிம்பில் 59 பற்கள். தகட்டின் மேல் எதிரெதிராக இரண்டு நிலாக்கள் வரைந்திருக்கும். மணி முள்ளைச் சுற்றும் சக்கரத்திலிருந்து பிரிந்து, 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று வரும் இன்னொரு சக்கரம் உண்டு. அதில் ஒரு விரல் நீட்டிக்கொண்டிருக்கும். நாளுக்கு ஒருமுறை அந்த விரல் வந்து ஒரு பல்லைத் தள்ளும், ஒரு மெல்லிய வில்கம்பி தகட்டை அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். 59 நாளில் தகடு ஒரு முழுச் சுற்று. நிலாக்கள் இரண்டு என்பதால் ஒவ்வொன்றுக்கும் இருபத்தொன்பதரை நாள். அவ்வளவுதான் இயந்திரம். கைக்கடிகாரக்காரர்கள் கூடுதல் வேலைப்பாடு என்று சொல்பவற்றில் மிக எளியவற்றுள் இது ஒன்று. மணியடிக்கும் கடிகாரத்துக்கும், தேதியைத் தானே திருத்திக்கொள்ளும் நிரந்தர நாட்காட்டிக்கும் வேண்டிய நூற்றுக்கணக்கான உறுப்புகளோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

எளிமைக்கு ஒரு விலை உண்டு. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு ஆகும் சராசரிக் காலம் 29 நாள் 12 மணி 44 நிமிடம், கொசுறாக மூன்று விநாடி. தகடு அந்த 44 நிமிடத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. மாதம் 44 நிமிடம் சேர்ந்து சேர்ந்து ஏறத்தாழ இரண்டு வருடம் ஏழரை மாதத்தில் ஒரு நாள் பிசகாகிவிடும். உறையின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பொத்தானைக் குச்சியால் ஒருமுறை அழுத்தினால் பிசகு சரியாகிவிடும். இந்த ஒரு நாள் பிசகைத்தான் பெரிய கம்பெனிகள் போட்டிக்கு எடுத்துக்கொண்டன. 135 பல் கொண்ட சக்கரம் போட்டால் பிசகு 122 வருடத்துக்கு ஒரு நாள். ஜெர்மனியின் ஏ. லாங்கே அண்ட் ஸோனே 1,058 வருடத்துக்கு ஒரு நாள் என்றது. சுவிட்சர்லாந்தில் தனியாகத் தொழில் செய்யும் ஆண்ட்ரியாஸ் ஷ்ட்ரேலர் இருபது லட்சம் வருடம் என்றார். 2024இல் ஐ.டபிள்யூ.சி. நாலரைக் கோடி வருடம் என்று அறிவித்தது.

இந்த எண்களில் எனக்கு மரியாதை உண்டு, நம்பிக்கை கிடையாது. இந்தக் கடிகாரங்கள் பலவும் கையில் கட்டாமல் வைத்தால் இரண்டு மூன்று நாளில் நின்றுவிடும். சில வருடத்துக்கு ஒருமுறை பிரித்து எண்ணெய் போட வேண்டும். நின்று ஓடினால் நிலாவையும் கையால்தான் திருத்தியாக வேண்டும். நாலரைக் கோடி வருடம் ஓடினால் இவ்வளவு துல்லியம் என்பது காகிதத்தில் சரி. அதைவிட முக்கியமான சிக்கல் ஒன்று உண்டு: 44 நிமிடம் என்பதே சராசரிதான். நிலா நம்மைச் சுற்றும் பாதை நீள்வட்டம். பூமிக்கு அருகே வரும்போது வேகமாகவும் விலகும்போது மெதுவாகவும் போகும். அதனால் ஒரு மாதம் 29 நாள் 7 மணிக்கு அருகில் முடியலாம், இன்னொரு மாதம் 29 நாள் 19 மணிக்கு மேலும் இழுக்கலாம். எத்தனை பல் வைத்தாலும் ஒரே சீராகச் சுற்றும் சக்கரத்தால் இந்த ஏற்ற இறக்கத்தைக் காட்ட முடியாது. லட்ச ரூபாய்க் கடிகாரமும் கோடி ரூபாய்க் கடிகாரமும் இந்த இடத்தில் ஒன்றுதான்.

அந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சாதனம் தமிழர் வீடுகளில் ஆணியில் தொங்குகிறது. தினத்தாள் காலண்டரில் திதி முடியும் நேரம் ஒரு நாள் காலையிலும் மறுநாள் மதியத்திலும் வருவது அச்சுப் பிழையால் அல்ல. ஒரு திதி சில நாள் 20 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், சில நாள் 26 மணிக்கு மேலும் நீளும். நிலாவின் வேகம் மாறுவதைப் பஞ்சாங்கம் கணக்கில் எடுக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கத்தில் இதற்கு 248 வாக்கியங்கள். நிலா பூமிக்கு அருகில் வந்து, விலகி, மறுபடி அருகில் வரும் சுற்று ஒன்பது முறை முடிய ஏறத்தாழ 248 நாள் ஆகும். நாளுக்கு ஒரு வாக்கியம், வாக்கியத்தின் எழுத்துகளுக்குள் எண்கள். மனப்பாடம் செய்தவருக்கு ஓலையும் வேண்டாம், எழுத்தாணியும் வேண்டாம்.

இதற்கு ஓர் அருமையான சாட்சி இருக்கிறது. மதராஸ் வானாய்வகத்தைச் சில ஆண்டுகள் பொறுப்பில் நடத்திய ஜான் வாரன், தென்னிந்தியரின் காலக்கணக்கைப் பற்றி ‘கால சங்கலித’ என்ற பெரிய நூலை 1825இல் மதராஸில் வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அந்த வருடம் மே 31 இரவு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடக் கணக்கிலேயே விடை சொன்னார். எழுதிப் பார்க்கவில்லை. கணிதத்தின் உட்காரணங்களும் அவருக்குத் தெரியாது என்று வாரன் குறித்திருக்கிறார். கிரகணத்தின் தொடக்கத்தில் பிசகு நான்கே நிமிடம். நடுப்பகுதியில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். அறிவியல் வரலாற்றாளர் ஓட்டோ நாய்கெபவர் 1952இல் இதை எடுத்து ஆராய்ந்து, தமிழர் வானியல் என்று தலைப்பிட்டே கட்டுரை எழுதினார். இந்த முறையின் வேர் பாபிலோனியக் கணக்குகள் வரை போகிறது என்பது அவர் கருத்து. இருக்கட்டும். ஒரு பிடி சோழியால் செய்த வேலையை ஜெனீவாவின் எந்தக் கைக்கடிகாரமும் செய்வதில்லை என்பது மட்டும் இங்கே போதும்.

இனி ஏரிக்கு வருவோம். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி தமிழ்நாட்டில். ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீர் கொண்டுவருகின்றன. தென்கோடியில் இருக்கும் முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. ஏரி ஆழமற்றது, பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். அதனால் கடல் ஒரு முழம் ஏறினாலும் இங்கே அது பெரிய செய்தி. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலாவும் ஒரே நேர்கோட்டில் இழுப்பதால் ஏற்றமும் வற்றமும் பலமாக இருக்கும். சென்னைக் கடற்கரையில் அந்த நாட்களில் நீர்மட்ட வேறுபாடு ஒரு மீட்டரை ஒட்டி வரும். அஷ்டமி வாக்கில் அது பாதிக்கும் கீழே போய்விடும். ஏற்றம் வரும் நேரமும் தினம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நிலா உதிப்பது தள்ளிப்போகும் அதே கணக்கு.

இறால் கடலில் முட்டையிடும், குஞ்சு ஏரிக்குள் வந்து வளரும், வளர்ந்தது வற்று நீரோடு முகத்துவாரத்தை நோக்கித் திரும்பும். வலை கட்டுகிறவர் காத்திருப்பது அந்த நீரோட்டத்துக்காக. அதனால் ‘இன்றைக்கு மணி என்ன?’ என்பதைவிட ‘அமாவாசைக்கு இன்னும் எத்தனை நாள்?’ என்பதுதான் இங்கே பணம் உள்ள கேள்வி. நிலா வெளிச்சத்தில் மீன் வலையைப் பார்த்து விலகிவிடும் என்பதால் சில வலைகளுக்கு இருட்டு நாட்களே நல்ல நாட்கள். பௌர்ணமி நண்டில் சதை இருக்காது என்று சந்தையில் பேரம் பேசுவதும் இந்தக் கணக்கின் வால்தான்.

இதோடு பாடு முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இறால் கூடும் நல்ல இடங்கள் ஏரியில் கொஞ்சம்தான். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் அந்த இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். தலைக்கட்டுக்குப் பங்கு உண்டு, யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்பது முறைப்படி சுழன்று வரும். சுற்று வலைக்காரர் தன் பாடு வரும் நாளைத் தவறவிட்டால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டியதுதான். சுழற்சி நியாயமாக இருக்க வேண்டும் என்றால் நல்ல நீரோட்ட நாளும் மோசமான நாளும் எல்லாருக்கும் மாறி மாறி வந்தாக வேண்டும். பொதுச்சொத்தை மக்கள் தாங்களே ஆளும் முறைக்கு உதாரணமாக ஆய்வாளர்கள் இதைப் பலமுறை எழுதிவிட்டார்கள். என் கண்ணுக்கு இது பல்லும் சக்கரமும் இல்லாத ஒரு கடிகாரமாகவும் படுகிறது.

நிலாவின் பிடி எவ்வளவு என்பது முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும்போது தெரியும். வாய் அடைபட்டால் ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை. அமாவாசை வந்தாலும் ஏரிக்குள் நீர் அசையாது. வாயை வெட்டித் திறந்துவிடச் சொல்லி மீனவர்கள் வருடக்கணக்காகக் கேட்டுவந்தது இதனால்தான். நிலாவின் பிடி நீரோடு நிற்பதில்லை. பழவேற்காட்டு ஊரின் பழைய பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்கச் சூரியக் கடிகாரம் ஒன்று இருக்கிறது. நோன்பு தொடங்க மட்டும் கண்ணால் பிறை பார்த்தாக வேண்டும்.

ஐரோப்பாவிலும் நிலாக் கடிகாரத்தின் பூர்வீகம் இப்படிப்பட்ட தேவைதான். கிரேக்கக் கடலடியில் கிடைத்த ஆன்டிகிதெரா இயந்திரத்தில், பாதி கறுப்பும் பாதி வெளுப்புமான சிறு உருண்டை ஒன்று பிறையைக் காட்டியது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆளுயரக் கடிகாரங்களின் உச்சியில் நிலா சுழன்றது. பிரிஸ்டல் துறைமுகத்தில் ஏற்றம் எப்போது என்றுகூடச் சில கடிகாரங்கள் காட்டின. நீர்மட்டம் பன்னிரண்டு மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும் துறையில் அது விளையாட்டுச் செய்தி அல்ல. தெருவிளக்கு இல்லாத காலத்தில் இரவுப் பயணம் எந்த நாளில் போகலாம் என்பதையும் நிலாதான் சொன்னது. பர்மிங்காமில் ஜேம்ஸ் வாட் முதலானோர் கூடிய சங்கம் பௌர்ணமியை ஒட்டியே கூடியது. வீடு திரும்ப வெளிச்சம் வேண்டுமே.

கைக்கு நிலா வந்தபோது அந்தத் தேவை போய்விட்டிருந்தது. பாடெக் ஃபிலிப் 1898இல் பெண்களின் பதக்கக் கடிகாரத்துக்காகச் செய்த சிறிய இயந்திரத்தை 1925இல் கைக்கடிகாரமாக மாற்றியது. நிரந்தர நாட்காட்டி கொண்ட முதல் கைக்கடிகாரம் என்று சொல்லப்படும் அதில் நிலாவும் உண்டு. அதற்குள் மின்விளக்கு வந்து, அலை நேரங்களை அச்சடித்துத் தரவும் தொடங்கியாயிற்று. விதிவிலக்காக ஒன்று: 1949இல் ஹோயர் நிறுவனம் அமெரிக்காவின் அபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் கடைக்காக ‘சோலூனார்’ என்ற கடிகாரம் செய்தது. தூண்டில் போடுகிறவருக்கும் வேட்டைக்காரருக்கும் அலையின் உச்ச நேரத்தைக் காட்டுவது அதன் வேலை. கணக்குப் போட இளைஞர் ஜாக் ஹோயர் தன் பள்ளி இயற்பியல் ஆசிரியரின் உதவியை நாடினார். மீன்பிடிக்கென்றே பிறந்த அந்தக் கடிகாரத்தையும் அதன் வாரிசான ‘சீஃபேரர்’ வகையையும் இன்று வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏலக்கூடத்துக்காரர்கள்.

உண்மையான திருப்பம் 1983. குவார்ட்ஸ் கடிகாரங்கள் சந்தையைப் பிடித்து, சுவிஸ் கடிகாரத் தொழிலாளர்களில் மூன்றில் இரண்டு பங்குபேர் வேலை இழந்துகொண்டிருந்த காலம். ஜான்-க்ளோட் பிவேரும் ஜாக் பிகேயும் செயலற்றுக் கிடந்த பிளாங்பான் என்ற பெயரைச் சொற்பத் தொகைக்கு வாங்கினார்கள். குவார்ட்ஸ் செய்யவே மாட்டோம் என்று அறிவித்தார்கள். மறுபிறவிக்கு அவர்கள் தேர்ந்த முகம் நிலாதான். கணக்கு தெளிவானது: சரியான நேரத்தைச் சில நூறு ரூபாய்க் கடிகாரமே தந்துவிடுகிறது, ஆகவே சாவி கொடுக்கும் கடிகாரம் நேரத்தைத் தவிர வேறு எதையாவது விற்றாக வேண்டும். பத்து வருடத்துக்குள் அந்தப் பெயரை ஆயிரம் மடங்குக்கும் மேலான விலைக்கு விற்றுவிட்டார்கள்.

அந்த ‘வேறு ஏதோ’ என்ன? அழகு என்று சொல்லிவிடலாம், ஆனால் மற்ற டயல்களும் அழகுதான். பழமை என்றால் சங்கிலிக் கடிகாரமும் பழமைதான். என் பதில் இது. கடிகாரத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் இன்னொரு கடிகாரத்தை வைத்துத்தான் சரிபார்க்க முடியும். விநாடி முள் சரியா என்று அறிய ஃபோனைப் பார்க்கிறோம், ஃபோன் எங்கோ இருக்கும் அணுக்கடிகாரத்தைப் பார்க்கிறது. நிலாவைச் சரிபார்க்க மாடிக்குப் போனால் போதும். இயந்திரத்துக்கு வெளியே, யாருடைய அனுமதியும் இல்லாமல், வெறுங்கண்ணால் சோதிக்கக்கூடிய ஒரே கூற்று டயலில் அதுதான். கூடவே, முட்கள் எல்லாம் நேரமாகிவிட்டது என்று விரட்டும்போது இந்தத் தகடு யாரையும் விரட்டுவதில்லை. தினம் ஒரு பல். சேகரிப்பாளர்களோடு பேசிப் பாருங்கள், தங்கள் நிலாவும் வானத்து நிலாவும் ஒத்துப்போன ராத்திரியைப் பற்றிச் சொல்லும்போது முகம் மாறும்.

ஒத்துப்போவதிலும் ஒரு விஷயம் உண்டு. டயலின் பிறை ஐரோப்பியப் பிறை. இடப்பக்கக் குன்றின் பின்னாலிருந்து எழும்போது அதன் வலது விளிம்பு முதலில் தெரியும், பிறை செங்குத்தாக நிற்கும். ஜெனீவாவில் அது ஓரளவு பொருந்தும். பழவேற்காடு நிலநடுக்கோட்டுக்குப் பதிமூன்றரை டிகிரி வடக்கேதான் இருக்கிறது. மாசி, பங்குனி மாதங்களில் அந்தி சாய்ந்ததும் ஏரிக்கு மேற்கே தெரியும் மூன்றாம் பிறை மல்லாந்து, தோணி போலக் கிடக்கும். பாதிக்கு மேல் வளர்ந்த நிலாவைக் காட்டும்போது டயல் இன்னும் மோசம். குன்றின் வளைவு நிலாவைக் கடித்த பழம் போல ஆக்கிவிடும், வானில் அப்படி ஒரு வடிவமே கிடையாது. இதைச் சரிசெய்ய முழு உருண்டையையே சுழலவிட்டவர்களும் உண்டு. எனக்கு அந்தப் பொய்க் குன்றுகள்தான் பிடிக்கின்றன.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்துதான் 2008, 2019, 2023 ஆண்டுகளில் மூன்று சந்திரயான்களும் புறப்பட்டன. ஏவும் நாட்களில் அந்தப் பக்கக் கடலுக்குப் போக வேண்டாம் என்று குப்பங்களுக்கு அறிவிப்பு வரும். 2023 ஆகஸ்ட் 23 அன்று மூன்றாவது சந்திரயானின் விக்ரம் கலம் இறங்கியது நிலாவில் விடியற்பொழுதில். அதற்குக் கிடைத்த பகல் நம் கணக்கில் ஏறத்தாழ 14 நாள், அதாவது இருபத்தொன்பதரையில் பாதி. செப்டம்பர் முதல் வாரத்தில் உறங்கவைத்தார்கள், பிறகு எழவில்லை. இன்னொரு வேடிக்கை: 1969இல் நிலாவில் நடந்தபோது விண்வெளி வீரர் ஆல்ட்ரின் கட்டியிருந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரை உலகமே நிலாக் கடிகாரம் என்கிறது. அதன் டயலில் நிலா கிடையாது. 2024இல் ஒமேகாவும் ஸ்வாட்ச்சும் சேர்ந்து மலிவு விலையில் ஸ்னூப்பி நாய்க்குட்டி படுத்திருக்கும் நிலாவை வைத்தபோது கடை வாசல்களில் வரிசை நின்றது. ஆசை பணக்காரர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு அந்த வரிசை போதும்.

வாங்க நினைப்பவருக்கு மூன்று வார்த்தை. மலிவான சில கடிகாரங்களில் சூரியனும் நிலாவும் மாறி மாறி வரும் சன்னல் இருக்கும். அது 24 மணி நேரத்தில் ஒரு சுற்று வரும் பகல்-இரவுக் குறி. கடைக்காரர் நிலாப் பிறை என்றே சொல்வார், நம்ப வேண்டாம். ஆயிரம் வருடத் துல்லியத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், 59 பல்லே போதும். இரண்டரை வருடத்துக்கு ஒருமுறையாவது தலை நிமிர்ந்து பார்த்துத் திருத்த அது ஒரு காரணம் தரும். திருத்துவதைப் பௌர்ணமியன்று செய்யுங்கள், வட்டம் நடுவில் நிற்பது கண்ணுக்கு எளிது. இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை மூன்று வரை மட்டும் பொத்தானைத் தொடாதீர்கள். பல இயந்திரங்களில் அந்த நேரத்தில் விரல் பல்லைப் பிடித்திருக்கும், அழுத்தினால் முறிந்துவிடும்.